பாண்டிச்சேரியில ஊட்டுச் சாப்பாடு கேட்டது

பாண்டிச்சேரி பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நம்மூர் குரூப்புக்கு இந்த மெயிலை அடிக்கிறேன்.

பீச் பக்கம் இருக்கற ஓட்டல் எல்லாம் டூரிஸ்ட்டுக்குன்னே நடத்தறாங்க. காலைல தின்ன இட்லி இன்னும் தொண்டையிலயே நிக்குது. அதனால மத்தியானம் ஒரு ஆட்டோக்காரர்கிட்ட, "நல்ல ஊட்டுச் சாப்பாடு எங்கீங்க கெடைக்கும்?"னு கேட்டேன்.

என்னையும் பக்கத்துல நின்ன என் சம்சாரத்தையும் ஏற எறங்கப் பாத்தார். "ஏறுங்க"ன்னார்.

கடையே இல்லாத சந்துக்குள்ள வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு.

"ஏனுங்க, இது ஓட்டலுக்குப் போற வழியாட்டம் தெரீலீங்களே"ன்னு என் சம்சாரம் காதுல சொல்லிட்டு, தாலிக்கொடியை ரவிக்கைக்குள்ள தள்ளிக்கிட்டா.

ஒரு வீட்டுக்குள்ள எங்களை விட்டு, பின்னாடியே கேட்டைத் தாழ் போட்டார். நான் சம்சாரம் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா மீன் வெட்டற கத்தியோட வந்தாங்க. எங்களைப் பாத்து அவங்களும் அரண்டு நின்னுட்டாங்க.

"வீட்டுச் சாப்பாடு வேணும்னாங்க. ரெண்டு இலை சேத்துப் போடு"ன்னார் ஆட்டோக்காரர்.

நம்மூர்ல இப்படிக் கேட்டா மெஸ்ஸுக்கு வழி சொல்லுவாங்க. இவர் தன் சொந்த ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார்.

மீன் குழம்பு அருமை. தாலிக்கொடிதான் இன்னும் வெளிய வரல.

ராத்திரிக்கு எங்க சாப்பிடலாம்னு யாராச்சும் பதில் போடுங்க. ஓட்டல் பேரோட வழியும் எழுதீருங்க. இந்த ஊர்ல நான் இனி வாயைத் தெறக்கறதா இல்லை.