கதவு போட வந்த மகராசன்

செண்பகத்துக்கு உபயதாரர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இருக்கிற அந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் ஒன்பது வருடமாக அவள்தான் சமையல். புருஷன் விட்டுப் போனபின் கெடார் கிராமத்தில் களை பறித்துப் பிழைத்தவள், மகள் சங்கவியை இங்கே சேர்த்தாள். பிள்ளை கண்ணெதிரே இருக்கட்டுமே என்று கரண்டியையும் இங்கேயே பிடித்தாள்.

வந்த புண்ணியவான்கள் என்னத்தைக் கொடுத்தார்கள்? பிறந்த நாளுக்குக் கேசரி, கல்யாண நாளுக்குக் கேசரி. மின்விசிறி இறக்கையில்கூடப் பேர் எழுதினார்கள். குளியலறைக்குக் கதவு மட்டும் ஒருத்தரும் தரவில்லை. அதில் பேர் போட்டால் கௌரவக் குறைச்சலாம். சங்கவி வயசுக்கு வந்த பிறகும் கிழிந்த சாக்குப் படுதாவுக்குப் பின்னால்தான் குளித்தாள். செண்பகம் வெளியே காவல் நிற்பாள்.

கடைசியில் விழுப்புரத்து மல்லாட்டைக் கடலை எண்ணெய் ஆலைக்காரர் கோதண்டபாணி மனசு வைத்தார். ஆறு குளியலறைக்கும் கதவு வந்து மாட்டியாயிற்று. திறப்பு விழாவுக்கு முதல் நாள் இல்லத்து மேலாளர் நெடுஞ்செழியன் சமையலறைக்கு வந்தார்.

"அய்யா அநாதைப் புள்ளைங்களுக்குத்தான் செய்வாரு. நாளைக்கி சங்கவி மைக்ல, எனக்கு யாருமில்லைன்னு சொல்லணும். நீ அம்மான்னு காட்டிக்கினு நிக்காத, புரியுதா?"

செண்பகம் கரண்டியை நங்கென்று வைத்தாள். ஆனாலும் கதவை நினைத்து, மகளுக்கு அதை அவளே சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் சங்கவி பிசகாமல் சொன்னாள். கை தட்டினார்கள். பெரிய மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே போட்டோவுக்கும் நின்றார். அந்தத் துண்டைப் பிடுங்கி அடுப்பில் போடலாம் போலிருந்தது செண்பகத்துக்கு.

பந்தியில் அவள் சாம்பார் ஊற்றும்போது அவரே பேச்சுக் கொடுத்தார்.

"சாம்பாரு பிரமாதம்மா. ஒனக்குப் புள்ளைங்க எத்தினி?"

"ஒண்ணு இருந்திச்சிங்க. இப்பதான் மைக்ல யாருமில்லைன்னு சொல்லிட்டுப் போச்சி."

கோதண்டபாணி மேலாளர் பக்கம் திரும்பினார்.

"அம்மாக்காரி சோறாக்கிக்கினு இருக்கறா, அநாதையாம்! என்னையே ஏமாத்தறீங்களா?" என்று கத்திக்கொண்டே எழுந்தார். "டிரைவர், அந்தக் கதவெல்லாம் கழட்டுய்யா!"

பிள்ளைகள் பந்தியை விட்டு ஓடினார்கள். டிரைவர் ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் ஆறு கதவும் உள்ளே தாழிட்டுக் கிடந்தன. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள் செண்பகம்.

"எம் பொண்ணு உள்ள குளிக்குது. ஆம்பளைங்க அந்தாண்ட போங்க."