மாமா வைத்த டைமிங்

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் அப்பா ஒரு கார் வாங்கினார். கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார முசே விட்டுப்போன பழைய கறுப்பு வண்டி. பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு, காரில் எப்படி உட்கார வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. வண்டியோ பத்தடி போவதற்குள் இருமியது, மேட்டைப் பார்த்தால் நின்றது. செல்ஃப் ஸ்டார்ட்டர் எப்போதோ செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு முறையும் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும்.

அம்மாவின் தம்பி அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் எட்டு வருஷம் இருந்து, சைகோனில் லாரி ஓட்டி, பழுதும் பார்த்துவிட்டுத் திரும்பியவர். பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ஊரார் சொன்னால் அதில் மரியாதை இருந்தது. அப்பா சொன்னால் இரண்டு வேளைச் சோற்றைச் சொல்லிக்காட்டுவது போலிருக்கும். விழுப்புரம் போகிற பஸ்ஸில் மாமாவுக்கு டிரைவர் வேலை தருவதாக முதலாளி ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் சேர வேண்டும். சேர்ந்ததும் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியைச் சரிசெய்தது மாமாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து அதற்குள் குனிந்திருந்தார். இரண்டு ஒயர்களோடு ஒரு சின்ன பல்பைக் கட்டி, எஞ்சினைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினார். புல்லியில் இருந்த கோடு நேராக வந்த அதே கணத்தில் பல்பு எரிய வேண்டுமாம். அதுதான் டைமிங், எஞ்சினுக்குள் தீப்பொறி விழ வேண்டிய நேரம் என்றார். எரியும்வரை, தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, எரிந்ததும் திருகை இறுக்கினார். பிறகு ஒரே சுற்று. இருமலே இல்லாமல் வண்டி கிளம்பியது. எனக்கு ஒன்பது வயது. கை தட்டினேன்.

அப்பா கிட்டே வந்து பார்த்தார். "இந்த டைமிங்க இன்னுங் கொஞ்சம் முன்னால வச்சா வேகம் வரும் இல்ல?"

"வரும் அத்தான். ஆனா தீப்பொறி முந்திட்டா எஞ்சின் திருப்பி அடிக்கும். ஹேண்டில் போடறவன் கை போயிடும்."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறான் சொல்தா" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துக் கடலூரிலிருந்து மொத்த வியாபாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. ஓட்டப்போவது மாமா. காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். அப்பா அவர்களிடம், வண்டியைத் தானே பார்த்துச் சரிசெய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "பழைய வண்டி, வேகம் பத்தாது போலிருக்கே" என்றார் ஒருவர் சிரித்துக்கொண்டே. அவர்கள் காபி குடிக்க உள்ளே போனதும் அப்பா மூடியைத் திறந்தார். திருப்புளியால் அந்தத் திருகைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து நன்றாகவே ஒரு திருப்பு திருப்பினார். இறுக்கி மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நான் நிற்பதைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, என்னை உள்ளே போய் அம்மாவிடம் வெற்றிலைத் தட்டு கேட்டு வாங்கி வரச் சொன்னார்.

நான் தட்டோடு வரும்போது விருந்தாளிகள் காரில் ஏறியிருந்தார்கள். மாமா ஈரத் தலையோடு ஹேண்டிலைச் சொருகினார். "சீக்கிரம் ஆகட்டும்" என்றார் அப்பா. மாமா ஒரு சுற்றுதான் சுற்றினார். வெடிபோல் ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. மாமா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கை இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"எட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தானாம். ஒரு ஹேண்டில் பிடிக்கத் தெரியல" என்று அப்பா காருக்குள் பார்த்துச் சொன்னார். ஒருவர் சிரித்தார். பிறகு அப்பா அவர்களை ரிக்‌ஷாவில் அழைத்துக்கொண்டு போனார். போகும்போது, ஆஸ்பத்திரி வேண்டாம், எப்படி ஆனது என்று கேட்பார்கள், எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஆளை வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆள் மத்தியானம்தான் வந்தார். அவர் வருவதற்கு முன் மாமா என்னைக் கூப்பிட்டார். பின்கட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார். கை வீங்கிக் கறுத்திருந்தது.

"பாப்பா, காலைல நீ வண்டிகிட்டதான நின்னுட்டிருந்த?"

"ஆமா மாமா."

"யாராச்சும் மூடியத் தொறந்தாங்களா?"

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியாது மாமா" என்றேன்.

மாமா வீங்கிய கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, நீ போய் வெளையாடு" என்றார்.

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. பஸ் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மாமா எங்கள் கடையிலேயே துணி மடிக்கச் சேர்ந்தார். இடது கையால் அவர் மடிப்பதைக் காட்டி, "நம்மள விட்டா இவனுக்கு யாரு இருக்கா?" என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார். மாமா தலைநிமிராமல் மடிப்பார். ஆறு வருஷம் அப்படி இருந்துவிட்டு, ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். அதன் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அப்பா காலமான பிறகு ஒரு முறை அம்மாவோடு இந்தப் பேச்சு வந்தது. கட்டுப் போடுகிற ஆள் வருவதற்கு முன் மாமா எழுந்து போய், இடது கையால் காரின் மூடியைத் தூக்கிப் பார்த்தாராம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"யாரோ திருப்பி வச்சிருக்கறதப் பாத்துட்டுத்தான்டி உன்னைக் கூப்பிட்டான். அது உங்கப்பா வேலைன்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா நீ ஒண்ணும் சொல்லல?"

"நீயும்தான் சொல்லல."

எல்லாம் தெரிந்த பிறகுதான் மாமா என்னிடம் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் தன் பக்கம் ஒரு குழந்தையாவது இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு அது புரியவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமா போகச் சொன்னதும் ஓடிப்போய் விளையாடினேன்.