மனப்பாடமாக வந்த சாட்சி

போக்சோ நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருப்பவளுக்கு, திக்கித் திணறும் பிள்ளையைவிடக் கடகடவென்று சொல்லும் பிள்ளைதான் தலைவலி. அப்படி ஒருத்தி வந்தாள். நான்காம் வகுப்பு. அம்மாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர்மேல் வழக்கு. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, மருத்துவ அறிக்கையிலும் ஒன்றும் தேறவில்லை. பிள்ளை சொல்வதை நீதிபதி நம்பினால் உண்டு. இல்லாவிட்டால் அந்த ஆள் மறுநாளே கடையைத் திறந்துவிடுவான்.

ஞாயிறு பள்ளியில் பைபிள் வசனம் ஒப்பிப்பதில் பிள்ளைக்குத்தான் எப்போதும் பரிசு. கோர்ட்டில் தடுமாறிவிடக் கூடாதென்று, வீட்டில் தினமும் ஜெபம் முடிந்ததும் நடந்ததையும் வசனம்போலவே ஒப்பிக்க வைத்திருக்கிறாள் அம்மா. அப்போது எனக்கு அது தெரியாது.

கதவைச் சாத்தி விசாரணை. திரைக்கு அந்தப் பக்கம் அவன். பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதி வழியாக நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இன்னொன்று கேட்டார். மறுபடியும் முதல் வரி.

“சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கும்மா?” என்றார் நீதிபதியிடம்.

அவர் தொழிலை அவர் செய்தார். எனக்கு ஆத்திரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாமேல்தான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “ஒப்பிக்க வேண்டாம்மா. அம்மாட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?”

பிள்ளை அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு பையச் சொன்னாள். “அப்ப அம்மா கடைக்கு வந்தா. அண்ணாச்சி, கால் கிலோ சீனி தாங்கன்னு கேட்டா. சத்தம் போட்டா ஒங்கம்மைக்குத்தான் அசிங்கம்னு சொல்லிட்டு, அவரு முன்னால போயி சீனி குடுத்துட்டு வந்தாரு. நான் உள்ளதான் இருந்தேன்.”

“ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் அம்மா. அங்கே அவள் பேசக் கூடாது. யாரும் தடுக்கவில்லை.

“நீ அழுவேன்னுதான்.”

வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை. பின்னால் தண்டனையும் கிடைத்தது. தீர்ப்பன்று வராந்தாவில் அம்மாவிடம், ஜெயித்துவிட்டோம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

“அந்தச் சீனியிலதாம்மா அன்னைக்கு அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்” என்றாள்.