காலாட்டாதையும்

மேசைக்குக் கீழே ஒரு ரப்பர் செருப்பு மெதுவாக எழும்பும். முழங்கால் நேராகும்வரை போகும், கொஞ்ச நேரம் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும், பிறகு இறங்கிக் கதிரைக்கு அடியில் மடங்கும். மேசைக்கு மேலே அக்கா பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. நோகிறது என்பது அவர் பேனையைப் பிடிக்கும் பிடியில்தான் தெரியும்.

அவர் என் சொந்த அக்கா இல்லை. ஓமந்தையில் ஒரு வாடகை அறையில் என்னோடு இருந்தவர். கல்லூரியில் ஒரே வகுப்பு. ஊர் ஜெயபுரம். சின்ன வயதில், சண்டைக் காலத்தில், ஷெல் துண்டு பட்ட முழங்கால். ஒப்பரேசன்களுக்காகப் படிப்பை விட்டு விட்டுத் தொடர்ந்ததால் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். கடைசி ஒப்பரேசன் கல்லூரிக்கு வருவதற்குச் சற்று முன்னர்தான் நடந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நீட்டி மடக்கவேண்டும். விட்டால் இறுகிவிடும். இறுகினால் பிறகு மடங்காது.

வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கவே இடம் இருக்காது. பின்னேரம்வரை வகுப்பு, அதற்குப் பிறகு செய்முறை. அறைக்கு வந்தால் சமையல், எழுதிக் கொடுக்கவேண்டிய ஒப்படை. சோறு வேகும் நேரத்தில் அக்கா குசினியில் ஒரு கதிரையைப் போட்டுச் செய்தார். மிச்சமெல்லாம் வகுப்பில், மேசைக்குக் கீழேதான்.

பெரியவர்களுக்கு முன்னால் காலாட்டுவது மரியாதைக் கேடு என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஒரு விரிவுரையாளரின் கண் அந்தச் செருப்பில் விழுந்தது.

“காலாட்டாதையும்.”

அக்கா எழும்பி, “சேர், இது எக்சசைஸ்” என்றார். வகுப்பு சிரித்தது.

“எக்சசைஸ் எண்டா கிரவுண்டுக்குப் போம்.”

நான் எழும்பி ஒப்பரேசனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். உம்மட்ட ஆர் கேட்டது என்று என்னை இருத்திவிட்டார். பின் வரிசைப் பெடியன் ஒருவன், “அக்கா ஒலிம்பிக்குக்கு ரெடியாகிறா” என்றான். அதற்கு விரிவுரையாளரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த தடவை செருப்பு அசைந்தபோது அக்காவை வெளியே அனுப்பினார். கதை மற்ற விரிவுரையாளர்களிடமும் போனது. வரவு குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள். கிளினிக் போன நாட்களால் அக்காவின் வரவு ஏற்கெனவே குறைந்திருந்தது. இனி ஒரு வகுப்பும் தவற முடியாது. அதனால் காலை அசைக்காமல் வைத்திருக்கப் பழகினார். அறைக்கு வந்தாவது செய்யுங்கோ என்று நான் கத்துவேன். இரண்டு தடவை தூக்குவார், ஒப்படை மடியில் கிடக்க அப்படியே நித்திரையாகிவிடுவார். நாள் முழுக்க இறுகிய காலை அந்த இரண்டு தடவை என்ன செய்யும்?

சோதனை முடிந்ததும் கிளினிக்குக் கூடப் போனேன். மிஸ் முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. இன்னொரு ஒப்பரேசனாலும் பயன் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

“ஏன் பிள்ளை விட்டனீர்?” என்று மிஸ் கேட்டார்.

“வகுப்பில இருந்தனான், மிஸ்.”



நான் இப்போது அதே கல்லூரியில் வேலை செய்கிறேன். மாணவர் மலருக்கு, படிப்புக்கு நடுவே உடற்பயிற்சிக்கு நேரம் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதித் தரக் கேட்டார்கள். விடிய எழும்புங்கள், படியேறுங்கள் என்று எழுதவேண்டுமாம். எழுதமாட்டேன். அக்கா நேரத்தைக் கண்டுபிடித்திருந்தார். மேசைக்குக் கீழே, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம். அதை மரியாதை என்று சொல்லிப் பறித்தார்கள். இதைத்தான் எழுதியிருக்கிறேன். போட்டால் போடட்டும்.

அண்மையில் கிளிநொச்சி பஸ்ஸில் அக்காவோடு போனேன். அங்கே ஒரு கந்தோரில் வேலை செய்கிறார். அவருடைய கால் ஆட்கள் நடக்கும் வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டக்டர் அதில் தடக்கி விழப் பார்த்தார்.

“தங்கச்சி, காலை மடக்கும். சனம் போகவேணும்.”

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “மடக்கேலாது அண்ணை. இது டிகிரி எடுத்த கால்.”

கொண்டக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். பஸ் குலுங்கிக்கொண்டே போனது. அந்தச் செருப்பு மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.