விளக்குள்ள தெரு ஒன்று கேட்டேன்

1999-ஆம் வருடம், ஐப்பசி மாதத்து ஒரு சாயங்காலம். பெரம்பலூரில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் என் வாடகை வீடு. இந்தப் பக்கம் நான். நடுவே லாரிகள்.

மற்றவர்களுக்கு லாரி லாரியாகத் தெரிந்திருக்கும். எனக்கு வெறும் வெளிச்சத் திட்டுகள். ஒன்று பெரிதாகும், வெடிக்கும், அணையும். அதற்குப் பிறகு கறுப்பு. எது தூரத்தில் வருகிறது, எது கிட்டத்தில் வந்துவிட்டது, எதுவும் பிடிபடவில்லை. ஒரு இடைவெளி வந்தது போல இருந்தது. கால் எடுத்து வைத்தேன்.

பிரேக் அலறியது. முகத்தருகே டீசல் சூடு. பஸ் படியில் தொங்கியபடி கண்டக்டர் கத்தினார்.

"ஏம்மா! சாவுறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சுதா? கண்ணு தெரியுதா இல்லியா?"

அவர் கோபத்தில் கேட்டார். பஸ் போய்விட்டது. தெரியலைங்க என்று நான் சொன்ன பதில் அந்தத் தூறலுக்குத்தான் கேட்டிருக்கும்.

பிரியமானவர்களே, அந்த இடத்திலிருந்துதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டும். என் பெயர் ஜெயசீலி. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். புலங்களையும் தெருக்களையும் தாளில் கோடுகளாக இழுப்பது என் பிழைப்பு. அந்த வருடம் ஜூன் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு பெரம்பலூர் வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். சொந்தம் என்று நாகர்கோவிலில் ஒரே ஒரு அக்கா.

கண் விஷயம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். விழித்திரையில் கோளாறு என்று மருத்துவர் சொல்லிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பகலில் ஒரு குறையும் இல்லை. டியூப் லைட்டின் கீழே மயிரிழைக் கோடு போடுவேன். வெளிச்சம் குறைந்தால் பார்வையும் கூடவே இறங்கிவிடும். வண்டி ஓட்டக் கூடாது என்றார். மருந்து இல்லையா டாக்டர் என்று கேட்டேன். "வெளிச்சத்துல இருங்க" என்றார். அவ்வளவுதான் மருந்து.

ஆகவே எனக்கு வீடு என்றால் நடந்து போகக்கூடிய வீடு. அலுவலகம், கடை, சபை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் காலுக்கு எட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்துச் செயின்மேன் செல்வராஜ், அதாவது அளவுச் சங்கிலி பிடிப்பவர், தன் டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் உட்காரவைத்து டவுனுக்குள் வீடு காட்டினார். வீடுகள் இருந்தன. எனக்கு இல்லை.

"வூட்டுக்காரரு எந்த ஆபீசுங்க?"

"கல்யாணம் ஆகலைங்க."

"அப்ப அப்பா அம்மா கூட வருவாங்களா?"

"அவங்க இல்லைங்க. நான் மட்டும்தான்."

உடனே வீட்டுக்கார அம்மாளின் கை சாவியை இடுப்பில் திரும்பச் செருகிக்கொள்ளும். "தப்பா நெனச்சுக்காதீங்க. தனி ஆளுக்குக் குடுத்தா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க." அடுத்த வீட்டிலும் இதுதான். அதற்கடுத்த வீட்டில் காபி கொடுத்துவிட்டு இதைச் சொன்னார்கள்.

செல்வராஜ்தான் தேற்றினார். "விடுங்க மேடம். ரோட்டுக்கு அந்தாண்ட புது நகர்ல காத்தோட்டமா வூடு இருக்கு. ஓனரு திருச்சியில இருக்காரு, எதையும் கேக்க மாட்டாரு. ஆபீசுலேருந்து இந்தா, பக்கத்துலதான்."

பட்டப்பகலில், வண்டியில் போய்ப் பார்த்தேன். வேப்பங்காற்று. பெரிய ஜன்னல். அலுவலகம் திரும்பியதும் நகர வரைபடத்தை விரித்தேன். நான் செய்த பிழை இதுதான். வரைபடக்காரிதான் இந்தப் பிழையைச் செய்வாள். அலுவலகத்தின் மேல் சுண்டு விரலை வைத்தேன். அந்த நகரின் மேல் மோதிர விரல் விழுந்தது. இவ்வளவு கிட்டமா என்று சந்தோஷப்பட்டு வீட்டைப் பிடித்தேன். நெடுஞ்சாலை அந்தத் தாளில் இரண்டு அமைதியான கோடுகள். அவற்றின் மேல் லாரி ஓடவில்லை. தெருவிளக்கு எரியாத தெரு என்பதற்கு எங்கள் படத்தில் குறியீடு கிடையாது. வேலிக்கருவைப் புதருக்கும், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கும்கூட இல்லை.

ஆவணி வரை ஓடிற்று. அலுவலகம் விட்ட பிறகும் வானத்தில் கொஞ்சம் பகல் மிச்சம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்துவிடுவேன். புரட்டாசியில் அந்த மிச்சம் சுருங்கிற்று. ஐப்பசியில் மேகமும் சேர்ந்துகொள்ள, நான் மேசையை விட்டு எழும்போதே வெளியே இருட்டு வந்து நின்றது, என்னைக் கூட்டிப்போக வந்தது போல.

அந்தப் பஸ் சம்பவத்துக்கு மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து அக்காவோடு பேசினேன். அழக் கூடாது என்று நினைத்துத்தான் எண்ணைச் சுழற்றினேன்.

"வந்துரு. வேலை போனாப் போகுது. என் வீட்டுல ஒரு அறையில இருந்துக்க. நான் பாத்துக்குறேன்" என்றாள்.

அன்புதான் அது. ஆனால் அந்த அறை எனக்குத் தெரியும். ஒருமுறை அதற்குள் போனால், அதற்குப் பிறகு என்னை யாராவது கையைப் பிடித்துத்தான் வெளியே கூட்டிவர வேண்டும். என் சம்பளம், என் பேனா, என் சாவி, என் நடை எல்லாம் முடிந்துவிடும். கார்த்திகை முடிவதற்குள் வழி தெரியாவிட்டால் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று முழங்காலில் நின்றேன். அதுவரை எத்தனையோ வருடம் கண் கேட்டு ஜெபித்தவள்தான் நான். அன்றைக்கு வாயில் வேறு வார்த்தை வந்தது. ஆண்டவரே, ஒரு தெரு கொடும். வெளிச்சம் உள்ள தெரு. அதில் எனக்கு ஒரு கதவு. காலால் போய்க் காலால் திரும்பும்படி ஒரு வாழ்க்கை. இவ்வளவுதான் கேட்டேன். கேட்டு முடித்ததும் மனம் விசித்திரமாக அடங்கிற்று, மழை விட்ட ஏரி மாதிரி.

மறுநாளிலிருந்து வரைபடத்தை மூடிவைத்தேன். வீடு தேடுவதை விட்டேன். தெருவைத் தேடினேன். அதுவும் பகலில் இல்லை. எனக்கு எந்த நேரம் பயமோ அந்த நேரத்தில். அலுவலகம் விட்டதும் கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு டவுனுக்குள் நடந்தேன். ஒவ்வொரு தெருவாக. எங்கே கால் தயங்குகிறதோ அங்கேயே திரும்பிவிடுவேன். பிறகு ஆட்டோ பிடித்து அந்த இருட்டு நகருக்குப் போவேன்.

அப்படி ஒரு நாள் அந்தத் தெரு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், பள்ளிவாசலைத் தாண்டிப் போகும் தெரு. முதலில் பரோட்டாக் கடையின் குண்டு பல்பு. அதன் மஞ்சள் எங்கே முடிகிறதோ அங்கே தையல் கடையின் வெள்ளை தொடங்கிற்று. தையல் கடை என்னைக் கொண்டுபோய் மருந்துக் கடையிடம் விட்டது. மருந்துக் கடை மாவு மில்லிடம் விட்டது. ஒரு கை விடும்போது அடுத்த கை பிடித்துக்கொண்டது. தெருவின் கடைசி வரை போய்த்தான் கவனித்தேன், டார்ச்சை நான் போடவே இல்லை. நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாவு மில்லுக்காரர் "என்ன வேணும்மா?" என்று எட்டிப் பார்த்தார்.

தெரு இருந்தது. வீடு இல்லை. 'வாடகைக்கு' என்று ஒரு பலகைகூட எங்கும் தொங்கவில்லை. ஆனாலும் தினம் போனேன். ஜெபித்துக்கொண்டே அந்தக் கடையிலிருந்து இந்தக் கடை வரை நடப்பது, திரும்புவது. செல்வராஜுக்கு அது புரியவில்லை.

"காலியா வூடே இல்லாத தெருவுல என்னா மேடம் டெய்லி ரவுண்டு?"

"வாக்கிங் செல்வராஜ்."

"போலீஸ்காரங்க சந்தேகக் கேஸ்ல புடிக்கப் போறாங்க, பாத்துக்கங்க."

கார்த்திகை பாதி கடந்துவிட்டது. ஒரு சாயங்காலம் தெருவின் நடுவில் இருந்தேன். மழை வருகிற காற்று. பட்டென்று கரண்ட் போயிற்று.

பரோட்டா, தையல், மருந்து, மாவு, எல்லாம் ஒரே அடியில் போயிற்று. நான் நம்பிய தெரு என் காலடியிலிருந்து உருவப்பட்டது. டார்ச்சைத் தேடினேன். பேட்டரி அன்றைக்குத்தான் தீர்ந்திருந்தது. இதற்காகவா கூட்டிவந்தீர் ஆண்டவரே என்று கேட்டேன். கையை நீட்டி ஓர் அடி வைத்தேன். யாரோ ஆள் மேல் இடித்துவிட்டேன். "மன்னிச்சுக்கங்க சார், கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றேன். அவர் தள்ளவில்லை. மறுபடி சொன்னேன்.

பக்கத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"அக்கா, அது லைட்டுக் கம்பம்க்கா."

கையில் எமர்ஜென்சி விளக்கோடு ஒருத்தி படியிறங்கி வந்தாள். என் முழங்கையைப் பிடித்துப் படியேற்றி, நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஹபீபா என்று பெயர். லெப்பைக்குடிக்காட்டுக்காரி. கணவர் சவூதியில். பெண் பிள்ளைகள் இரண்டின் படிப்புக்காக டவுனுக்கு வந்து இருக்கிறாள்.

"தெனம் பாக்குறேன்க்கா உங்கள. யாரு வூட்டத் தேடுறீங்க?"

"என் வீட்டைத்தான் தேடுறேன்" என்றேன். அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாத கண் கதையை, முகம்கூடச் சரியாகத் தெரியாத அவளிடம் சொல்லிவிட்டேன். பழக்கத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே அதையும் சொன்னேன். "நான் தனி ஆளுங்க. குடும்பம் இல்லை. ஆம்பளைத் துணை இல்லை."

விளக்கை என் பக்கம் உயர்த்தினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க?"

"ஆம்பளைத் துணை இல்லைங்க."

"யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "மேல மாடி காலியாக் கெடக்குதுக்கா. எங்க மச்சான் சவூதியிலேருந்து போன்ல சொல்லிட்டாங்க, ஆம்பளைங்க இருக்குற குடும்பத்துக்குக் குடுக்காத, நீ புள்ளைங்களோட தனியா இருக்கேன்னு. வர்றதெல்லாம் அண்ணன் தம்பி, மாமன் மச்சான்னு கூட்டமா வருது. பொம்பளை ஆளா ஒருத்தரை அனுப்புன்னு ரெண்டு மாசமா துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அப்போ போர்டு ஏன் மாட்டலை?"

"மாட்டுனா ஆம்பளைங்கதான வந்து கதவத் தட்டுவாங்க!"

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. தெரு தன் கைகளை ஒவ்வொன்றாக நீட்டிற்று. நான் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன். எந்த வார்த்தையைச் சொன்னதும் ஊரெல்லாம் சாவியை இடுப்பில் செருகியதோ, அதே வார்த்தைக்கு இந்த வீட்டில் கதவு திறந்தது. வெளிச்சம் கேட்டவளை ஆண்டவர் இருட்டில் நிறுத்தித்தான் அந்தப் படியில் ஏற்ற வேண்டியிருந்தது. கடைகள் எரிந்துகொண்டிருந்தால் அன்றைக்கும் நான் கடந்து போயிருப்பேன்.

"ஒரே ஒரு கண்டிஷன்க்கா" என்றாள். "பன்றிக்கறி மட்டும் வேணாம்."

"எனக்கு மீன் போதும்."

"அப்ப எனக்கும் ஒரு தட்டு அனுப்பிவுட்ருங்க."

டிசம்பரில் சாமான் ஏற்றினேன். செல்வராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "மார்கழியில யாராவது வூடு மாத்துவாங்களா மேடம்?" எனக்கும் மார்கழி இல்லை, ஹபீபாவுக்கும் இல்லை. அவளுக்கு அது நோன்பு மாதம். நான் கட்டிலைப் போட்டு முடித்தபோது பள்ளிவாசலில் மாலை பாங்கு ஒலித்தது. கீழேயிருந்து ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி மேலே வந்தது. அந்த வீட்டில் என் முதல் சாப்பாடு அதுதான். நான் என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் குடித்தேன். அவள் தன் வழியில் சொல்லிக் குடித்தாள்.

அக்காவுக்குப் போன் செய்து, அந்த அறையில் வேறு ஏதாவது சாமான் வைத்துக்கொள் என்றேன்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்ல? அலுவலகத்துக்கு நடந்தேன். சபைக்கு நடந்தேன். தக்காளிக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடந்தேன். தையல்காரர், மருந்துக் கடைக்காரர், மாவு மில்லுக்காரர் எல்லாரும் என் நடையைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கரண்ட் போனால் தெருவிலிருந்தே "ஹபீபாம்மா, உங்க அக்கா வந்துகிட்டு இருக்காங்க, லைட்ட எடுங்க" என்று ஒரு குரல் போகும். என் கண் குணமாகவில்லை. அதை மறைத்து இந்தச் சாட்சியைச் சொல்ல மாட்டேன். பார்வை வருடத்துக்கு வருடம் ஓரங்களில் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. கண் கோளாறை மறைக்கும் பழக்கமும் போயிற்று. அலுவலகத்தில் சொன்னேன். என் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான் நடந்தது. மாற்றலில் தனியாக வந்து வீடு தேடுகிறவர்களுக்கு இப்போதும் ஒன்றே ஒன்று சொல்வேன்: வண்டியில் போய்ப் பார்க்காதீர்கள், பயப்படும் நேரத்தில் நடந்து பாருங்கள்.

இது 2007. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகிறது, என்னை அங்கே போட்டிருக்கிறார்கள். ஹபீபா அழுதாள். பிறகு, "அங்கயும் ஏதாவது ஒரு கம்பம் உங்களுக்காக நிக்கும்க்கா, போய் இடிங்க" என்று சிரித்தாள்.

அரியலூரில் எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. தெரிந்த சகோதரி ஒருவர் வீட்டில் பெட்டியை வைத்திருக்கிறேன். இங்கும் சாவியைத் திரும்பச் செருகிக்கொள்கிறார்கள். மனம் கலங்கவில்லை. பிரியமானவர்களே, உங்களுக்கும் இருட்டுகிற நேரம் ஒன்று இருக்கும். அந்த நேரத்திலேயே ஆண்டவரிடம் கேளுங்கள், உங்கள் காலுக்கு எது வேண்டுமோ அதையே கேளுங்கள். கேட்டுவிட்டு நடங்கள்.

நேற்றுச் சாயங்காலம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நானும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாதித் தெரு வரை டார்ச் போடவில்லை.