மஞ்சள் பாலும் வெள்ளைப் புடவையும்

போன வாரம் எனக்கு இருமல் வந்தது. மருமகள் ஒரு டம்ளரில் மஞ்சள் பால் கலக்கிக் கொண்டுவந்து, "குடிங்க அத்தை, ஒடம்புக்கு அவ்ளோ நல்லது" என்று நீட்டினாள். பாக்கெட் பொடி, பாக்கெட் பால், வெள்ளைச் சர்க்கரை. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. "அங்க வெச்சிட்டுப் போம்மா" என்று நான் சொன்ன குரலில் பெண் பயந்துபோனாள். அவள் போனபிறகு நானே எழுந்துபோய் நாலு மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்தேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தின கோபத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகள் முடியும் சமயம். எங்கள் சனத்தில் தறி போடுகிறவர்களும் உண்டு, ஏர் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஐயம்பேட்டையில் என் அப்பா ஏர் ஓட்டுகிறவர். நெல் போக ஒரு துண்டு நிலத்தில் மஞ்சள் போடுவார். என் கணவர் வீட்டில் தறி. தறி போக மிச்சமிருந்த இடம்தான் வீடு. நடுக்கூடம் முழுக்க அது உட்கார்ந்திருக்கும். மாமியாரும் நானும் சுவரை உரசிக்கொண்டு நடப்போம். மாமனார் இல்லை. புடவையின் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருந்தால், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடாவை, அதாவது ஊடை நூல் வைத்த கட்டையை, எறிய இன்னொரு ஆள் வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். அந்த ஆள் நான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை எறிவேன்.

வந்த முதல் மார்கழியில் மெட்ராஸில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவை நெய்யச் சொல்லி கூலிக்கு நெய்யக் கொடுக்கும் பட்டு முதலாளி பாவு கொடுத்தார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். வெள்ளை உடல், சந்தன நிறக் கரை, ஜரிகை. வெள்ளைப் பட்டு தறியில் ஏறினால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. புடவை இறங்கும்வரை கூடத்துக்கு மஞ்சள் வரக்கூடாது. குழம்பு பின்கட்டில்தான் கொதிக்கும். சாப்பாடும் அங்கேதான். வெள்ளிக்கிழமைகூட முகத்துக்கு மஞ்சள் பூசக்கூடாது, பயத்தம் மாவுதான். புதுசாகத் தாலி ஏறியவள் நான், வெறும் முகத்தோடு குழாயடிக்குப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். சட்டம் என்றால் சட்டம். அதை நான் ஒருநாளும் மீறவில்லை. இதை எழுதும்போதும் சொல்கிறேன், மீறவில்லை.

தறிக்குழியின் ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்து என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டன. இருமினால் கை ஆடும், கை ஆடினால் கரை கோணும், கரை கோணினால் அவர் பல்லைக் கடிப்பார். அவருக்கும் இருமல் இருந்தது. ஆனால் அவர் ஆம்பிள்ளை, வேலை செய்கிற மனிதர். "எனக்கு எதுக்கு அதெல்லாம்? மஞ்சப் பாலு பொம்பளைங்க குடிக்கிறது" என்று சொல்லிவிட்டார். மாமியாருக்கு அதில் அவ்வளவு பெருமை. "எம்புள்ள ஒரு கஷாயம் குடிச்சதில்லமா பொறந்ததுலேர்ந்து" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் சாயங்காலம் தறி வேலைக்கு நடுவே எழுந்துபோய்ப் பின்கட்டில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவேன். அப்பா கொடுத்தனுப்பிய விரலி மஞ்சளைக் கல்லில் உரசி எடுப்பேன். ஏழு மிளகு தட்டுவேன். பாதிப் பால், பாதித் தண்ணீர், ஒரு சின்னக் கட்டி பனங்கற்கண்டு. நுரைத்து வரும்போது இறக்கி, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிப் பின்கட்டு ஜன்னல் மேடையில் ஆற வைப்பேன். அது ஆறுவதற்குள் குழாயடிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வருவேன். பிறகு நின்றபடியே குடித்துவிட்டு, வாயையும் கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவி, முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள் கால் வைப்பேன். 

நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது டம்ளரில் பால் குறைந்திருக்கும். முதல் நாள் பூனை என்று நினைத்தேன். மறுநாள் ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் தட்டு அப்படியே இருக்கிறது, பால் பாதிதான் இருக்கிறது. குடித்துவிட்டுத் தட்டை எடுத்து மூடி வைக்கிற பூனையைக் காஞ்சிபுரத்தில்தான் பார்த்தேன். மாமியாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். வயதானவர், அவருக்கும் நெஞ்சுச் சளி இருக்குமே என்று எனக்குள் ஒரு பரிதாபம் வேறு! மிச்சத்தைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே கிடந்தேன்.

புடவை முடிந்தது. அறுத்து இறக்கி, வாசல் வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்துப் பார்த்தோம். நடு உடலில், ஒரு கடலைப்பருப்பு அளவுக்கு மஞ்சள் சொட்டு. 

மாமியாருக்குக் கை கால் ஓடவில்லை. முப்பது வருஷம் பட்டோடு குடித்தனம் பண்ணியவர், அந்தப் பதற்றத்தில் செய்யக்கூடாததைச் செய்தார். சவுக்காரத்தை ஈரத்தில் தொட்டுச் சொட்டின் மேல் வைத்துத் தேய்த்தார். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று பாத்திரம் கழுவுகிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும். சொட்டு குங்குமமாகச் சிவந்து எங்களைப் பார்த்தது. அது மஞ்சள்தான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"மஞ்சப் பாலு குடிச்ச கையோட கோர்வைக்கு வந்து ஒக்காந்துக்கினியா? ஒன்னத் தவிர இந்த வீட்ல யாருடி அதக் குடிக்கிறது?"

"நான் கை கழுவாம வந்ததே இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

"அப்போ மஞ்ச மானத்துலேர்ந்து விழுந்துதா?"

என் கணவர் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். புடவை இறங்கிவிட்ட தறியில் அவ்வளவு அவசரமாக முடிய என்ன இழை இருந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே ஐயம்பேட்டைக்கு ஆள் போய், அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்காலில் சேறு காயவில்லை. வாசலில் நிற்க வைத்தே மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். இப்படிப்பட்ட பெண்ணை இனிமேல் தறிப் பக்கம் விட முடியாது, இன்னொரு தடவை நடந்தால் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். தெருவில் பாவு நீட்டிய இடத்திலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சி. இந்த ஒரு தபா மன்னிச்சிடுங்க" என்றார். 

என் அப்பா கை கூப்பி நிற்கிறார். பிறகு கை கால் கழுவி வந்த அப்பாவுக்குத் துடைத்துக்கொள்ள மாப்பிள்ளை தன் துண்டை மரியாதையாக நீட்டுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன்.

புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார் பதற்றம் தெளிந்தபிறகு அதை அலசி, கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலில் காட்டி வைத்தார். மஞ்சள் கறைக்கு வெயில்தான் எதிரி. மூன்றாம் நாள் சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல நெசவு என்று சொல்லி அனுப்பினாராம். ஆக, கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கிடைத்தது, இவருக்குப் பெயர் கிடைத்தது. எனக்கு மஞ்சள் பால் நின்றது.

அந்த வாரம் சவுக்காரம் போட்டுத் துணி துவைக்கும் நாள் வந்தது. எங்கள் வீட்டில் துண்டுக்கு வாரம் ஒருமுறைதான் சவுக்காரம், மற்ற நாள் வெறும் தண்ணீர். என் கணவரின் தோள் துண்டைக் கல்லில் போட்டுச் சவுக்காரம் தேய்த்தேன். துண்டின் ஓரத்தில், அவர் வாய் துடைக்கிற அதே முனையில், வரிசையாகச் சிவப்புப் பூத்தது. ஒன்று இல்லை, நான்கைந்து இடத்தில். புதுசு, பழசு எல்லாம். 

தட்டை மூடி வைக்கிற பூனை, மீசையில் பாலோடு வந்து தறியில் குனிந்து உட்கார்ந்த பூனை! அந்த ஈரத் துண்டை அப்படியே கொண்டுபோய் மாமியார் முன்னால் விரித்தேன். "பாருங்க அத்தை. உங்க புள்ள கஷாயமே குடிச்சதில்லன்னு சொன்னீங்களே, பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை, ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். துண்டை வாங்கி அலசிப் பிழிந்து, நல்ல வெயில் விழுகிற கொடியாகப் பார்த்து உதறிப் போட்டார்.

"சாயந்தரத்துக்குள்ள போயிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவன் பேரு கெட்டா நாளைக்கு எவன் பாவு குடுப்பான்? ஒன்ன நம்பியா பட்டு குடுக்கறாங்க?" என்றார்.

சாயங்காலம் துண்டு வெள்ளையாக இருந்தது. அதை மடித்து வைத்ததும் நான்தான்.

போகி அன்று அப்பா தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்தார். கரும்பு, பச்சரிசி, வெல்லம், எனக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. மஞ்சள் கொத்து இல்லை. சொந்த நிலத்தில் மஞ்சள் போடுகிற மனிதர், பொங்கல் பானையில் கட்ட மகளுக்கு ஒரு கொத்து கொண்டுவரவில்லை. பின்கட்டில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேன்.

"எதுக்கும்மா இந்த வீட்டுக்கு மஞ்சளு" என்றார்.

"நான் இல்லப்பா. அவருதாம்பா. துண்டுல பாத்தேன்" என்றேன்.

அப்பா காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும்மா. அன்னிக்கித் தொடச்சிக்கக் குடுத்தாரே, அப்பவே தெரியும். மஞ்சப் பயிர் பண்றவன், எனக்கு வாசன தெரியாதா?"

"தெரிஞ்சதுக்கு அப்புறமும் சும்மா இருந்த?"

"பொண்ணக் குடுத்தவன்மா நானு."

செம்பு என் கையில் இருந்தது. அதை எங்கே எறிவது என்று தெரியாமல் நின்றேன். கணவர் மேல் இருந்த கோபம் ஒன்று, மாமியார் மேல் ஒன்று. ஆனால் அந்த நிமிஷம் அப்பா மேல் வந்தது இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து பழியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்தது. தறி ஓடாத நாள் என்பதால் கூடத்திலேயே இலை போட்டிருந்தோம். அப்பாவும் மாப்பிள்ளையும் கை கழுவிவிட்டு வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தார்கள். இவர் இரண்டு தடவை இருமினார். நான் பின்கட்டுக்குப் போனேன். கல் அடுப்பை மூட்டினேன், மஞ்சள் உரசினேன், பால் காய்ச்சினேன். மிளகை எண்ணிப் போடுகிற மனநிலை இல்லை. வடிகட்டிய டம்ளரைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அவரிடம் நீட்டினேன்.

"இருமிக்கினே இருக்கீங்களே. குடிங்க."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் சம்பந்தி முன்னால் மருமகள் தருவதை எப்படித் தடுப்பது? இவர் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கி மொளகு காரம் கம்மியா இருக்குது" என்றார்.

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. டம்ளர் பாதியில் நின்றது.

"மத்த நாள்ல எப்டிங்க இருந்துது?" என்று கேட்டேன்.

மாமியார் எழுந்து எச்சில் இலையை எடுக்கப் போனார். அது என் வேலை. அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிய விரலோடு மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை. 

இவர் மீதிப் பாலையும் குடித்துவிட்டு, எப்போதும்போல டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்துபோய் அவரே கழுவி வைத்தார்.