கீச்சிட்ட கசெற்

அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், மரியாதை கூடிவிடும். அவருடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, கனடாவிலிருந்து முதன்முறையாக எங்கள் கடற்கரை ஊரான ஊர்காவற்றுறைக்கு வந்து நின்ற நாட்களில் வீட்டில் மரியாதை தாங்க முடியாமல் இருந்தது. அம்மா சமைக்கும் குசினிக்கும் மாமா இருக்கும் விறாந்தைக்கும் நடுவில் நான்தான் தூது. "உன்ர மாமாட்டைக் கேள், அவருக்குத் தேத்தண்ணி வேணுமாமோ எண்டு," என்பார் அம்மா. மாமா கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். "ஓம் எண்டு சொல்லு பிள்ளை," என்பார் அவரும்.

காரணம் பழையது. மாமா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், ஈஸ்டருக்கு வருகிறேன், ரீவியில் பூட்டி விளையாடுகிற கொம்பியூட்டர் ஒன்றும் கொண்டுவருகிறேன் என்று தங்கைக்குச் சொல்லியிருந்தார். நாட்டில் சண்டை தொடங்கிக் கொழும்புப் போக்குவரத்து நின்றுபோனது. அவர் வரவில்லை, ஒரு சொல் சொல்லாமல் கனடா போய்விட்டார். வந்து சேர்ந்தது, முன்கூட்டியே யாரிடமோ அவர் கொடுத்துவிட்ட ஒரு கசெற் மட்டும்தான். அண்ணன் பாட்டுப் பதிந்து அனுப்பியிருக்கிறார் என்று அம்மா அயலட்டையைக் கூட்டிவைத்து அதைப் போட்டாராம். எண்ணெய் காணாத கப்பி மாதிரிக் கீச்சிட்டது. சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பை அம்மா மறக்கவில்லை. பிறகு மாமா எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடவும் இல்லை. ஆனால் இடம்பெயர்ந்து ஓடியபோது உடுப்புகளோடு அந்தக் கசெற்றையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினார். ஏன் என்று கேட்டால், "திருப்பிக் குடுக்க" என்பார்.

மாமா திரும்பிப் போவதற்கு முதல்நாள் காலை அம்மா அலுமாரியைத் திறந்தார். கசெற்றை அப்பாவின் பழைய ரேப் ரெக்கோடரில் போட்டார். "உன்ர மாமாட்டைக் கேள், இந்தப் பழுதான சாமானை ஞாபகம் இருக்கோ எண்டு." கீச்சொலி கிளம்பியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. மாமாவின் முகம் அப்படியே மாறியது.

"இது பழுதில்லை," என்றார், முதன்முறையாக அம்மாவையே பார்த்து. "பாட்டும் இல்லை. கேம். நான் எழுதினது. அந்தக் காலத்துக் கொம்பியூட்டருக்கு இப்பிடித்தான் கசெற்றிலை பதியிறது. இது உமக்குக் கிடைச்சிருக்காது எண்டெல்லோ நினைச்சனான்." மறுகணமே சோர்ந்துபோய்க் கதிரையில் இருந்துவிட்டார். அந்தக் கொம்பியூட்டரைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போனவர். இனி எங்கே தேடுவது?

அக்கா அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் லப்ரொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "அது தேவையில்லை மாமா. இதை அதுவா நடிக்கப் பண்ணலாம். எமுலேற்றர் எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, இன்ரநெற்றிலை எடுக்கலாம்."

எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அண்ணை, கோயில் நாட்டுக்கூத்தில் முடி சூடிக்கொண்டு வந்தால் ராசா. எதிரே நிற்கும் சேனாதிபதி, நீ காலையில் மீன் விற்றவன்தானே என்று கேட்பதில்லை; பணிந்து கட்டளையைக் கேட்பார். லப்ரொப்புக்கு எங்கே முடி வைப்பார்கள் என்று பார்க்க நான் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

ரெக்கோடரிலிருந்து லப்ரொப்புக்கு அக்கா ஒரு வயரைக் கொழுவினாள். சத்தத்தைக் கூட்டினாலும் கேம் ஏறவில்லை, குறைத்தாலும் ஏறவில்லை. அம்மா வேலை இருப்பதுபோல் குசினி வாசலிலேயே நின்றார். "ஏலாது போல. உப்புக்காத்து நாடாவைத் திண்டிட்டுது," என்று மாமா கையை விரித்தபோது, "மற்றப் பக்கத்தைப் போட்டுப் பாக்கச் சொல்லு," என்றார் அம்மா என்னிடம்.

மற்றப் பக்கம் ஏறியது. ஒன்று பழுதானாலும் என்று இரண்டு பக்கமும் பதிந்ததை மாமாவே மறந்திருந்தார். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சதுரம். அந்தக் கரையில் சில வீடுகள், இந்தக் கரையில் ஒரு இறங்குதுறை. அந்தச் சதுரம் நடுக்கடலில் நிற்கும் எங்கள் கடற்கோட்டை என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கரையான காரைநகர்ப் பக்கமிருந்து ஒரு சின்ன வள்ளம் எங்கள் துறைக்கு வரவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். வள்ளத்தைக் கோட்டையில் மோதினார், திரும்பவும் மோதினார். கடைசியில் வள்ளம் துறைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பழைய கொம்பியூட்டருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழ் வந்தது. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "தங்கச்சி, வந்திட்டன்."

அம்மா கண்ணைத் துடைத்தார். திரையை அவ்வளவு கிட்டப் பார்த்தால் எரியத்தான் செய்யும் என்று நினைத்தேன். பிறகு அவர் எழுந்து, "அண்ணை, கை கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்," என்றார்.

எனக்கு ஒரே எரிச்சல். அடுத்தது நான் என்று காத்து நின்றவளை மறந்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பின்னேரம் வழக்கம்போல விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் போய் நின்றேன். உள்ளே அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுவர என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் என்ன பிழை விட்டேன் என்று யோசித்துக்கொண்டே இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.